கஞ்சாவின் வாசனைக்கு ஒரு வரலாறு

போன வருடம் செமஸ்டர் லீவு முடிந்து ஊரிலிருந்து கிளம்பும்போது, அம்மா வழக்கம்போல பையில் இடமில்லாத இடத்திலும் எதையோ திணித்து அனுப்பினார். அதில் ஒன்று வீட்டிலேயே வறுத்து அரைத்த மசாலாப் பொடி. கிராம்பு, மிளகு, மல்லி எல்லாம் சேர்ந்தது. ரயில் நிலைய வாசலில் போலீஸ் சோதனை. மோப்ப நாய் ஒன்று வரிசையாகப் பைகளை முகர்ந்துகொண்டே வந்து என் பைக்கு முன்னால் நின்றது. மொத்தம் இரண்டு விநாடி இருக்கும். பிறகு ஆர்வமே இல்லாமல் அடுத்த பைக்குப் போய்விட்டது. எனக்கு மட்டும் அந்த இரண்டு விநாடியில் பி.காம். டிகிரி, அம்மா முகம், அப்பா கை எல்லாம் கண்முன் வந்து போயின :-)

அது எதற்காக நின்றது என்று தெரியாது. மசாலாவுக்காக இருக்கலாம், பக்கத்தில் இருந்த பிஸ்கட்டுக்காகவும் இருக்கலாம். ஆனால் ஹாஸ்டலுக்கு வந்த பிறகும் ஒரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. கஞ்சாவை நாய் கண்டுபிடிக்கிறது என்றால், அது எதைக் கண்டுபிடிக்கிறது? போதை தரும் பொருளையா?

தேடிப் படித்தால், இல்லையாம். போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசனையே கிடையாது. 1973-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, ஹஷிஷைத் தேடும் நாய்க்கு வழிகாட்டுவது காரியோஃபிலின் ஆக்சைடு என்ற வாசனைப் பொருள் என்று சுட்டிக்காட்டினார்கள். அது நம் கிராம்பிலும் இருக்கிறது. கஞ்சாவின் வாசனை ஒரு சமாச்சாரம், போதை வேறொரு சமாச்சாரம். மனிதர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகவே கணக்கு வைத்து வந்திருக்கிறார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது புகைப்பவர்களுக்கான பதிவு அல்ல. இந்தியாவில் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா வைத்திருந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். நான் வணிகவியல் மாணவன், வேதியியலை ப்ளஸ் ஒன்னிலேயே கைகழுவியவன். ஒரு சரக்குக்குத் தரம் எப்படி நிர்ணயிக்கிறார்கள், பெயர் எப்படி வைக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

சரி, டெர்பீன் என்றால் என்ன?

பெயின்ட் அடிப்பவர்கள் கையில் பார்த்திருப்பீர்கள், டர்பன்டைன். பைன் மரப் பிசினை வடித்து எடுப்பது. அதன் ஜெர்மன் பெயரிலிருந்துதான் கெகுலே என்ற வேதியியலாளர் 1860-களில் 'டெர்பீன்' என்ற சொல்லை உண்டாக்கினார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு செடியிலிருந்து வடித்த எண்ணெய்க்கும் ஒவ்வொரு பெயர். எலுமிச்சையில் கிடைத்தது ஒன்று, பைனில் கிடைத்தது ஒன்று, சீரகத்தில் கிடைத்தது வேறொன்று. பிரித்துப் பார்த்தால் பலவற்றுக்கும் ஒரே கணக்கு வந்தது, 10 கார்பன், 16 ஹைட்ரஜன். கணக்கு ஒன்று, வாசனை வேறு வேறு. யாருக்கும் தலைகால் புரியவில்லை.

இதைத் தீர்த்து வைத்தவர் ஓட்டோ வாலாக். பான் பல்கலைக்கழகத்தில் கெகுலேயின் கீழ் வேலை பார்த்தவர். அவருக்குப் பிடிக்காத வேலையாக மருந்தியல் பாடம் நடத்தச் சொல்லி 1879-ல் தலையில் கட்டினார்கள். பாடத்துக்காகத் தேடும்போது கெகுலேயின் ஆய்வகத்து அலமாரியில் பல வருடங்களாக யாரும் தொடாத வாசனை எண்ணெய்ப் பாட்டில்கள் கிடைத்தன. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார், கெகுலே சரி என்றார். அந்தப் பாட்டில்களோடு வாலாக் அடுத்த பல வருடங்களை ஓட்டினார். பல பெயர்களில் இருந்தவை ஒரே பொருள்தான் என்றும், இவை எல்லாம் 5 கார்பன் கொண்ட ஒரே வகைச் செங்கல்லால் கட்டப்பட்டவை என்றும் காட்டினார். இரண்டு செங்கல் என்றால் 10 கார்பன். மூன்று என்றால் 15, அதற்கு செஸ்குவிடெர்பீன் என்று பெயர். 1910-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு. வேண்டாவெறுப்பாக எடுத்த பாடம் இப்படியும் கைகொடுக்கும் போல. எனக்கு காஸ்ட் அக்கவுன்டிங் என்ன தரப்போகிறதோ!

வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் டெர்பீன் குடும்பம் பாதி அங்கேயே இருக்கும். மல்லி வாசனைக்கு லினலூல். மிளகுக்கும் கிராம்புக்கும் காரியோஃபிலின். ஆரஞ்சுத் தோலை உரிக்கும்போது கண்ணில் தெறிக்கிறதே, அது லிமோனீன். மாங்காய் வாசனையில் மிர்சீன் உண்டு. பைன் மரத்தில் பைனீன். கற்பூரமும் இதே குடும்பத்துப் பங்காளிதான்.

கஞ்சாப் பூவில் இருப்பதும் இவைதான். மிர்சீன், பைனீன், லிமோனீன், காரியோஃபிலின், லினலூல், ஹ்யூமுலீன். இந்தப் பெயர்களைக் கவனியுங்கள். எல்லாமே வேறு செடிகளிடம் கடன் வாங்கியவை. லிமோனீன் எலுமிச்சையிடமிருந்து, காரியோஃபிலின் கிராம்பின் தாவரப் பெயரிலிருந்து, ஹ்யூமுலீன் பீரில் போடும் ஹாப்ஸ் கொடியின் பெயரிலிருந்து. ஹாப்ஸும் கஞ்சாவும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் கடைசிக் கடன் சொந்தத்துக்குள்ளேயே முடிந்தது. கஞ்சாவின் பெயரைச் சுமக்கும் ஒரு டெர்பீன் 2014-ல் வந்தது. அதற்கு வைத்த பெயர் ஹஷிஷீன். அதுவும் செடி நேரடியாகச் செய்வதல்ல, ஹஷிஷ் தயாரிக்கும்போது வெளிச்சமும் காற்றும் பட்டு மிர்சீன் மாறுவதால் உண்டாவது.

வேதியியல் போதும், வரலாற்றுக்கு வருவோம்.

1893-ல் பிரிட்டிஷ் அரசு இந்தியக் கஞ்சா விசாரணைக் கமிஷனை அமைத்தது. அதன் முன் 1,193 பேர் சாட்சி சொன்னார்கள். அளவோடு பயன்படுத்தினால் பெரிய தீங்கில்லை, தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்று 1894-ல் அறிக்கை வந்தது. (வரி என்றதும் பிரிட்டிஷாருக்கு எப்போதும் ஒரு உற்சாகம் வந்துவிடும்.) இந்த அறிக்கையிலும், கல்கத்தா தாவரவியலாளர் டேவிட் பிரெய்ன் 1893-ல் எழுதிய தனி அறிக்கையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் வங்காளத்தின் நவகாவ் பகுதி. அப்போது ராஜ்ஷாஹி மாவட்டத்தில் இருந்தது, இன்றைய வங்கதேசத்தில் இருக்கிறது. லைசென்ஸ் வாங்கிய விவசாயிகள் அங்கே சட்டப்படியே கஞ்சா பயிரிட்டார்கள்.

கஞ்சாவில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. மகரந்தம் காற்றில் பறந்து வரும். பெண் பூவில் மகரந்தம் படாமல் இருந்தால் விதை வைக்காது, பிசின் கூடும். வாசனையும் போதையும் இரண்டுமே அந்தப் பிசினில்தான். அதனால் ஆண் செடிகளைப் பூக்கும் முன்பே பிடுங்கிவிட வேண்டும். ஆனால் பூ விரியுமுன் எது ஆண், எது பெண் என்று சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. இதற்கென்றே ஒரு நிபுணர் இருந்தார். அவருக்குப் பெயர் 'போத்தார்'. ஆங்கிலேயர்கள் அவரைக் கஞ்சா டாக்டர் என்று எழுதினார்கள். விவசாயி அவரைக் கூலிக்கு அமர்த்துவார். அவர் வயலில் இறங்கி, ஒவ்வொரு செடியாகப் பார்த்து, ஆணை அடையாளம் காட்டிக்கொண்டே போவார்.

அவர் ஒரு செடியைக் கைகாட்டினால் அதன் வம்சம் முடிந்தது. அவர் கண்ணில் தப்பிய செடிதான் அடுத்த தலைமுறைக்கு அப்பா. அவர் மரபணு என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. மெண்டலின் பட்டாணிக் கட்டுரையே அப்போது ஐரோப்பாவில் யாரும் சீண்டாமல் கிடந்தது. 1900-ல்தான் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். செடியின் வம்சத்தைத் தீர்மானித்த ஆளின் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை, கூலி மட்டும் இருக்கிறது.

அறுவடையான பூக்களைக் காலால் மிதித்துத் தட்டையாக்கினால் 'சப்பட்டை'க் கஞ்சா, உருட்டினால் 'உருண்டை', தண்டு நீக்கிய துகள் 'சூர்'. அரசு வரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விகிதம். தண்டு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து எடைக்கு வரி. போதை எவ்வளவு என்று அளக்க வழியே இல்லை, எது போதை தருகிறது என்றே யாருக்கும் தெரியாதே! வாங்குபவர் கையில் எடுப்பார், கசக்குவார், முகர்வார், விலை சொல்வார். எங்கள் பாடப் புத்தகத்தில் சரக்கைத் தரம் பிரிப்பது பற்றி ஒரு அத்தியாயமே உண்டு. அதில் சொல்லும் தரம், மாதிரி, சோதனை எல்லாம் இங்கே ஒரு மூக்கில் அடங்கிவிட்டது.

(1917-ல் அதே நவகாவில் கஞ்சா விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமே தொடங்கினார்கள். கூட்டுறவு பற்றித் தேர்வில் எழுத ஆசைதான், மார்க் போடுவார்களா என்றுதான் சந்தேகம். 1987-ல் வங்கதேச அரசு அங்கே சாகுபடியை நிறுத்தியது.)

கமிஷன் அறிக்கை வந்த சூட்டில், 1896-ல் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் என்ற மூவர் இந்தியச் சரஸை, அதாவது கஞ்சாப் பிசினை, சூடாக்கி வடித்தார்கள். முதலில் குறைந்த சூட்டில் ஒரு டெர்பீன் வந்தது. அடுத்து ஒரு செஸ்குவிடெர்பீன். பிறகு கொஞ்சம் மெழுகு. கடைசியில் கெட்டியான சிவப்பு எண்ணெய், மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. போதை அந்தச் சிவப்பு எண்ணெயில்தான் இருந்தது. அவ்வளவுதான், எல்லோருடைய கண்ணும் அதன்மேல் போய்விட்டது. அடுத்த 70 வருட ஆராய்ச்சியில் பெரும்பகுதி அந்த எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது என்று தேடியதுதான். முதலில் வடிந்து வந்த வாசனைப் பகுதி கணக்கில் ஒரு வரியோடு நின்றது.

வாசனையையும் போதையையும் கண்ணாடிக் குடுவையில் வைத்துத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிய முக்கியமான சோதனைகளில் இது ஒன்று. ஆனால் அதைச் செய்தவர்களுக்கு வாசனை ஒரு பொருட்டே இல்லை.

அந்த ஒரு வரியை விரித்து எழுதியவர்களில் ஒருவருக்கு நம் சென்னையோடு தொடர்பு உண்டு. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஜான் சைமன்சன் என்ற ஆங்கிலேயர். 1910-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். கடற்கரையைப் பார்த்த அதே மாநிலக் கல்லூரிதான். லக்னோவில் இருந்த மக்மஹோன் என்பவரோடு சேர்ந்து, இந்திய விஞ்ஞானிகள் வருடம் ஒருமுறை கூட ஒரு இடம் வேண்டும் என்று முயற்சி எடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் இந்திய அறிவியல் காங்கிரஸ். முதல் கூட்டம் 1914-ல் கல்கத்தாவில், இரண்டாவது 1915-ல் சென்னையில்.

1919-ல் சைமன்சன் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்தது இமயமலைப் பைன் மரத்தின் டர்பன்டைன். ஐரோப்பிய டர்பன்டைனிலிருந்து இது வேறுபட்டிருந்ததால் வியாபாரிகளுக்கு ஒரே தலைவலி. ஏன் வேறுபடுகிறது என்று தோண்டியவர், 1920-ல் அதில் கரீன் என்ற டெர்பீனையும் லாங்கிஃபோலீன் என்ற செஸ்குவிடெர்பீனையும் கண்டுபிடித்தார். 1925 முதல் 1928 வரை பெங்களூர் இந்திய அறிவியல் கழகம். பிறகு இங்கிலாந்து திரும்பி, வேல்ஸ் நாட்டின் பாங்கர் நகரில் பேராசிரியர். டெர்பீன்கள் பற்றி அவர் எழுதத் தொடங்கிய பல தொகுதி நூல், அந்தத் துறையில் நெடுங்காலம் கையேடாக இருந்தது.

1942-ல், மான்செஸ்டரில் கஞ்சாவின் போதைப் பொருளைத் துரத்திக்கொண்டிருந்த அலெக்சாண்டர் டாட் என்பவரோடு சேர்ந்து, எகிப்திய ஹஷிஷிலிருந்து வடித்த வாசனை எண்ணெயை ஆராய்ந்தார் சைமன்சன். அதில் சைமீன், ஹ்யூமுலீன் என்ற இரண்டு பொருட்களை அடையாளம் காட்டினார்கள். டாட் பின்னால் வேறொரு ஆராய்ச்சிக்காக 1957-ல் நோபல் பரிசு பெற்றார். சைமன்சன் அதே 1957-ல் காலமானார். இரண்டே பொருள்தானா என்று தோன்றலாம். அந்தக் காலத்தில் இப்போதுபோல ஒரு சொட்டு எண்ணெயை இயந்திரத்தில் விட்டுப் பட்டியலை வாங்கிக்கொள்ளும் வசதி கிடையாது. ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து, படிகமாக்கி, உருகுநிலை பார்த்து உறுதி செய்ய வேண்டும். இயந்திரங்கள் வந்த பிறகு, 1980-ல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட தொகுப்பில் கஞ்சாவின் வேதிப்பொருட்கள் 421 ஆகிவிட்டன. அதில் 103 டெர்பீன்கள்.

இதற்கு நடுவில், 1964-ல் இஸ்ரேலில் கவோனியும் மெக்கூலமும் டி.எச்.சி.யைச் சுத்தமாகப் பிரித்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். ஹஷிஷ் கொடுத்தது போலீஸ். மெக்கூலம் அதைப் பையில் வைத்துப் பஸ்ஸிலேயே ஆய்வகத்துக்கு எடுத்துப் போனாராம், பஸ் முழுக்க வாசனை! அந்த வாசனைக்கும் அவர் தேடிப் போன பொருளுக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் வேடிக்கை.

இனி இனக்கலப்புக்கு வருகிறேன். இங்கேதான் நான் ரொம்ப நாளாகத் தப்பாக நினைத்திருந்தேன்.

1970-களில் கலிஃபோர்னியாவில் ஆப்கானிஸ்தானத்துச் செடியோடு மெக்ஸிகோ, கொலம்பியா செடிகளைக் கலந்து ஒரு புது வகையை உண்டாக்கினார்கள். அடித்த நாற்றத்துக்குப் பொருத்தமாக 'ஸ்கங்க்' என்று பெயர் வைத்தார்கள். ஸ்கங்க் என்பது அமெரிக்காவில் இருக்கும் ஒரு விலங்கு, வாலைத் தூக்கினால் ஊரே ஓடும். 1980-களில் அது ஹாலந்துக்குப் போய் விதைக் கம்பெனிகளின் கையில் சிக்கி, நூற்றுக்கணக்கான பெயர்களில் குட்டி போட்டது. எலுமிச்சை, மாம்பழம், சீஸ், டீசல் என்று வாசனைக்குத் தகுந்தபடி பெயர். டீசலுக்குக்கூட ரசிகர்கள் இருக்கிறார்கள் பாருங்கள்.

எலுமிச்சை வாசனைச் செடியையும் மிளகு வாசனைச் செடியையும் கலந்தால் நடுவாந்திரமாக ஒரு வாசனை வரும் என்பது பெயின்ட் கடைக் கணக்கு. செடி அப்படி வேலை செய்வதில்லை. பூவின் மேல் இருக்கும் மிக நுண்ணிய சுரப்பி மயிர்களுக்குள் ஒரு தொழிற்சாலை ஓடுகிறது. 10 கார்பன் கொண்ட ஒரு கச்சாப்பொருள், அதன்மேல் வேலை செய்யும் நொதிகள். ஒரு நொதி கச்சாப்பொருளை மடக்கி லிமோனீன் ஆக்கும், இன்னொன்று வேறு மாதிரி மடக்கிப் பைனீன் ஆக்கும். ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு. இப்படி 30-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் கஞ்சாவில் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். பிள்ளைச் செடிக்கு அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. எந்த இயந்திரம் ஓடும், எது சும்மா கிடக்கும் என்பதைப் பொறுத்து வாசனை. அதனால் ஒரே செடியில் வந்த விதைகள் என்று சொல்லி நட்டாலும் ஒன்று எலுமிச்சையாக மணக்கும், அதன் தங்கை டர்பன்டைன் அடிக்கும். பிடித்த ஒன்று கிடைத்துவிட்டால் அதன் கிளையை வெட்டி நட்டு அப்படியே காப்பாற்றுவார்கள், விதையை நம்ப மாட்டார்கள்.

இன்னொரு சிக்கல். ஒரு நொதி ஒரே பொருளைத்தான் செய்யும் என்றில்லை. காரியோஃபிலினைச் செய்யும் நொதியே ஹ்யூமுலீனையும் சேர்த்துச் செய்கிறது. அதனால் இந்த இரண்டும் எந்தக் கஞ்சாவிலும் ஜோடியாகவே வருகின்றன. எங்கள் காஸ்ட் அக்கவுன்டிங்கில் கூட்டுப் பொருட்கள் என்று ஒன்று உண்டு. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தால் பெட்ரோல் மட்டும் போதும், டீசல் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதே கதைதான்.

இதில் நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் ஒன்று. டெர்பீனுக்கான அந்த 10 கார்பன் கச்சாப்பொருள்தான் டி.எச்.சி.யைக் கட்டவும் வேண்டும். ஒரே கிடங்கிலிருந்து இரண்டு பிரிவுகளுக்குச் சரக்கு போகிறது. ஆனால் அந்தப் பிரிவுகளை நடத்தும் மரபணுக்கள் வேறு வேறு. 2007-ல் முதன்முதலில் கஞ்சாவின் இரண்டு டெர்பீன் மரபணுக்களை அடையாளம் கண்டது ஸ்கங்க் வகையிலிருந்து. 2017-ல் அதேபோல ஒன்பது மரபணுக்களை எடுத்தது ஃபினோலா என்ற, எண்ணெய் வித்துக்காக வளர்க்கும், போதையற்ற சணல் கஞ்சாவிலிருந்து. போதை இல்லாத செடியிலும் வாசனைப் பிரிவு ஷிஃப்ட் போட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது!

இப்போது பெயர்ப் பலகை விஷயம். 1785-ல் லமார்க் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலிருந்து வந்த செடியைப் பார்த்து, ஐரோப்பியச் சணலிலிருந்து வேறுபடுத்தி, 'இண்டிகா' என்று தனி இனமாக்கினார். லின்னேயஸ் 1753-ல் வைத்த 'சட்டைவா' ஏற்கெனவே இருந்தது. இந்த இரண்டு பெயர்களையும் பிற்கால வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள். இண்டிகா என்றால் தூக்கம், சட்டைவா என்றால் உற்சாகம் என்று கடைகளில் இன்றைக்கும் போர்டு இருக்கிறது. 2021-ல் கனடா, ஹாலந்து ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான மாதிரிகளின் மரபணுவையும் வேதிப்பொருளையும் எடுத்து, லேபிளோடு ஒப்பிட்டார்கள். இண்டிகா என்று எழுதியவை ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம் இல்லை, சட்டைவாவும் அப்படியே. லேபிளோடு கொஞ்சமாவது பொருந்தியது ஒரு சில டெர்பீன்கள்தான். மிர்சீன் அதிகம் இருந்தால் இண்டிகா என்ற பெயர் ஒட்டியிருந்தது. அதாவது, லேபிள் ஒட்டியவர்கள் வம்சத்தைப் பார்த்து ஒட்டவில்லை, பெரும்பாலும் முகர்ந்து பார்த்துத்தான் ஒட்டியிருக்கிறார்கள். நவகாவ் வியாபாரி செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள், கண்ணாடி ஷோரூமில் உட்கார்ந்து.

அந்த மூக்கையும் முழுதாக நம்ப முடியாது. 1996-ல் வந்த ஒரு ஆய்வில் பூவைக் காயவைத்து மூன்று மாதம் வைத்திருந்தால் வாசனை எண்ணெயில் பாதிக்கு மேல் போய்விட்டது. முதலில் பறப்பவை 10 கார்பன் இலேசான டெர்பீன்கள், எலுமிச்சையும் பைனும். கடைசிவரை நிற்பது கிராம்பு, மிளகு வகை. கடையில் முகர்வது செடியின் வாசனை அல்ல, செடியில் மிச்சமானதன் வாசனை.

இதற்கு மேல் ஒரு குட்டு. ஸ்கங்க் நாற்றம் எந்த டெர்பீன் என்று இத்தனை வருடம் தேடினார்களே, 2021-ல் கலிஃபோர்னியாவில் ஒரு குழு பார்த்தால் அது டெர்பீனே இல்லை. கந்தகம் சேர்ந்த ஒரு மூலக்கூறு. மிகமிகக் கொஞ்சம் இருந்தாலே மூக்கைத் துளைக்கும். வெயிலில் வைத்த பீர் பாட்டிலில் வரும் கெட்ட வாடையும் அதே பொருள்தான். ஆனால் அதன் எலும்புக்கூட்டைப் பாருங்கள், வாலாக் சொன்ன அதே 5 கார்பன் செங்கல் ஒன்று, அதன் ஓரத்தில் கந்தகம்.

டெர்பீன்கள் டி.எச்.சி.யோடு சேர்ந்து போதையின் தன்மையையே மாற்றுகின்றன என்றும் ஒரு வாதம் உண்டு. 2011-ல் ஈதன் ரூஸோ எழுதிய கட்டுரைக்குப் பிறகு விளம்பரங்களில் இதுதான் தாரக மந்திரம். 2008-ல் காரியோஃபிலின் நம் உடலில் உள்ள சி.பி.2 என்ற கஞ்சா ஏற்பியில் ஒட்டுகிறது என்று காட்டினார்கள், அது உண்மை. ஆனால் சி.பி.2 போதை தரும் ஏற்பி அல்ல. மற்றபடி மனிதர்களிடம் உறுதியாக நிரூபித்தது குறைவு. விளம்பரம் ஆராய்ச்சியைவிட வேகமாக ஓடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

இதெல்லாம் வெறும் சுவாரஸ்யத் தகவல் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வாசனையை நம்பி மனிதர்களை நிறுத்துகிறார்கள், காரைத் திறக்கிறார்கள், ஜெயிலுக்கு அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் 2018-ல் டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள் இருக்கும் சணல் கஞ்சாவை மத்தியச் சட்டம் அனுமதித்தது. அன்றிலிருந்து போலீஸுக்குப் பெரிய சங்கடம். சணல் பூவும் போதைப் பூவும் ஒரே மாதிரி மணக்கின்றன. வருடக்கணக்கில் பழக்கிய நாய்க்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரியவும் முடியாது, வித்தியாசமே வாசனை இல்லாத பொருளில் அல்லவா இருக்கிறது? சில ஊர்களில் புது நாய்களுக்குக் கஞ்சாவைப் பழக்குவதையே நிறுத்திவிட்டார்கள்.

இல்லினாய் மாநிலத்தில் 2020 முதல் பெரியவர்கள் கஞ்சா வைத்திருப்பது மாநிலச் சட்டப்படி குற்றமல்ல. அங்கே உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ஒரு தீர்ப்பு சொன்னது. எரிந்த கஞ்சா வாசனை வந்தது என்ற ஒரே காரணத்துக்காகக் காரைச் சோதனையிடக் கூடாது. மூன்று மாதம் கழித்து டிசம்பரில் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் சொன்னது. எரியாத, பச்சைக் கஞ்சாவின் வாசனை வந்தால் சோதனையிடலாம். காரணம், காரில் கொண்டுபோகும்போது வாசனை வெளியே வராத டப்பாவில்தான் கொண்டுபோக வேண்டும் என்று அந்த மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. வாசனை வந்தால் டப்பா சரியில்லை, டப்பா சரியில்லை என்றால் குற்றம். உள்ளே டி.எச்.சி. எவ்வளவு என்பது அப்புறம்தான்.

நவகாவ் கிடங்கில் தண்டைப் பார்த்து வரி போட்ட குமாஸ்தா இந்தத் தீர்ப்பைப் படித்திருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்.

அம்மாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன், நாய் கதையை மட்டும் சென்சார் செய்து. இந்த முறை மசாலாவை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மூடிமேல் துணி கட்டி அனுப்பியிருக்கிறார். அப்படியும் ரூம் முழுக்க கிராம்பு வாசனைதான்.